வால்பரைசோ நகரின் மலிவு விடுதிகள்

வால்பரைசோ மலிவு விடுதிகள்: சிலி நாட்டின் பசிபிக் கரையில், தலைநகர் சாந்தியாகோவுக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வால்பரைசோ துறைமுக நகரில், கட்டில் கணக்கில் வாடகை வாங்கிப் பயணிகளைத் தங்கவைக்கும் இல்லங்கள். ஹாஸ்டல் என்றே பயணிகள் இவற்றை அழைக்கிறார்கள். செர்ரோ அலெக்ரே, செர்ரோ கொன்செப்சியோன், பெய்யாவிஸ்தா போன்ற குன்றுகளில், நூறாண்டு வயதுள்ள மரச்சட்ட வீடுகளில் இவற்றுள் பல நடைபெறுகின்றன. ஓர் அறையில் பலர் உறங்க அடுக்குக் கட்டில்கள், எல்லோருக்கும் பொதுவான குளியலறை, பொதுச் சமையலறை, வாடகையோடு சேர்ந்த காலை உணவு ஆகியவை இவற்றின் அமைப்பு. ஐரோப்பிய இளைஞர் விடுதி இயக்கம் தென்னமெரிக்காவுக்குப் பரவியதன் விளைவாக இவற்றைக் கருதுவது வழக்கம். அந்த விளக்கம் அடுக்குக் கட்டில் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். அது போடப்பட்ட அறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. அந்நியருக்கு இரவுக் கணக்கில் இடம் கொடுத்துப் பிழைப்பது இந்தத் துறைமுகத்தின் பழைய தொழில். கடல் வணிகம் கைவிட்ட பிறகு அந்தத் தொழில் எடுத்த புது வடிவமே இன்றைய விடுதி என்பதற்கு நகரின் கட்டடங்களே முதல் சான்று.

1536இல் ஸ்பானியர் வந்திறங்கிய இந்த விரிகுடா, காலனி ஆட்சி முடியும்வரை சிறு துறையாகவே இருந்தது. சிலியின் விடுதலைக்குப் பின்தான் ஊர் வளர்ந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் வசதியுள்ளவர்கள் சத்திரங்களை நம்பியிருக்கவில்லை. கேப் ஹார்ன் வழியே வரும்போது கணவரைப் பறிகொடுத்து 1822இல் வந்திறங்கிய ஆங்கில எழுத்தாளர் மரியா கிரகாம், இங்கே ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியிருந்தார். 1834இல் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின், பள்ளித் தோழர் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் வீட்டில் தங்கி, நோயுற்று வாரக்கணக்கில் அங்கேயே படுத்திருந்தார். அறிமுகக் கடிதமோ நண்பரோ உள்ளவருக்கு வீடு கிடைத்தது. இரண்டும் இல்லாத மாலுமிக்குத் துறையோரத்துத் தங்கும் வீடுதான். சுங்கம் கட்டாமல் சரக்கை இருப்பு வைக்கும் பண்டகசாலைகளை 1830களில் அரசு விரிவாக்கியதும், 1849 முதல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கப்பல்கள் இங்கே தண்ணீரும் உணவும் ஏற்ற நின்றதும் அந்த மாலுமிகளின் எண்ணிக்கையைப் பெருக்கின. பாய்மரக் கப்பல் சரக்கை இறக்கி ஏற்றப் பல வாரங்கள் பிடித்தன. சம்பளம் வாங்கிக் கரையேறியவன் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை எங்கேனும் படுத்தாக வேண்டும். ஹார்ன் வழித் துறைமுகங்களில் மாலுமி விடுதிக்காரர்கள் அவனுக்குக் கடனில் கட்டிலும் சோறும் சாராயமும் கொடுத்து, புதிய கப்பலின் தலைவரிடமிருந்து அவனுடைய முன்பணத்தை நேரே வாங்கிக்கொண்டார்கள். கடன் பெருகியவனைக் கேட்காமலே கப்பலேற்றிவிடுவதும் நடந்தது. கொடிய ஏற்பாடுதான் அது. ஆனால் முகவரியில்லாத ஒருவனுக்கு ஓர் அறையின் பங்கை இரவுக் கணக்கில் விற்கும் பழக்கம் அதில்தான் வேரூன்றியது.

துறைமுகம் செழித்தபோது கரையில் வேலை தேடி வந்த கூலிகளுக்கும் இடம் தேவைப்பட்டது. 1907 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 1,60,000ஐத் தாண்டியிருந்தது. கடலுக்கும் குன்றுக்கும் இடையிலுள்ள சமதளமோ மிகக் குறுகலானது. இந்த நெருக்கடியில் பெருகியவைதான் கொன்வென்தீயோ எனப்படும் வாடகைக் குடியிருப்புகள். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் வரிசை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்துச் சில குழாய்களும் கழிப்பிடங்களும். 1905இல் பெரியம்மை நகரைத் தாக்கியபோது இந்த அறைகள் எவ்வளவு ஆபத்தானவை என்பது நாடு முழுவதற்கும் தெரிந்தது. 1906 பிப்ரவரியில் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கம் சமதளத்தின் அல்மென்த்ரால் பகுதியைத் தரைமட்டமாக்கி, ஆயிரக்கணக்கானோரைக் கூடாரங்களில் தள்ளியது. சட்டம் சொன்ன வேகத்தில் வீடுகள் எழவில்லை. 1925இல் சிலி நகரங்களின் வாடகைதாரர்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். வால்பரைசோ அதில் முன்வரிசையில் நின்றது. வாடகையைக் கட்டுப்படுத்தவும் தகராறுகளை விசாரிக்கவும் அவ்வாண்டு ஓர் ஆணைச்சட்டம் பிறந்தது. ஓர் அறைக்கு எவ்வளவு கேட்கலாம், அந்த அறை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி இந்நகரில் சுற்றுலாவோடு வந்ததல்ல.

இனி வீடுகளைப் பார்ப்போம். இவ்வரலாற்றின் மையம் அவைதான். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ், ஜெர்மன் வணிகர்கள் அலெக்ரே, கொன்செப்சியோன் குன்றுகளில் தங்களுக்கு விசாலமான வீடுகள் கட்டிக்கொண்டார்கள். வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஓரிகன் பைன் மரத்தால் சட்டம், இடையில் பச்சைமண் கல், உப்புக் காற்றையும் மழையையும் தடுக்க வெளியே நெளிதகடு, அதன்மேல் வண்ணப் பூச்சு. உயரமான கூரை, அகலமான படிக்கட்டு, பணியாட்களுக்குத் தனி அறைகள். 1883இல் கொன்செப்சியோன் சரிவுத் தூக்கி இயங்கத் தொடங்கியதும் குன்றுக்கு ஏறுவது எளிதாயிற்று. பின்னர் முப்பதுக்கு நெருக்கமான தூக்கிகள் நகரெங்கும் எழுந்தன. இந்தச் செல்வத்தின் அடித்தளம் ஹார்ன் முனையைச் சுற்றும் கடல்வழி. 1914 ஆகஸ்ட் 15 அன்று பனாமா கால்வாய் திறந்ததும் அந்த வழி தேவையற்றுப்போனது. முதல் உலகப் போருக்குப் பின் சிலியின் வெடியுப்பு வணிகமும் சரிந்தது. பணக்காரர்கள் பக்கத்திலேயே 1874இல் உருவான வின்யா தெல் மாருக்குக் குடிபெயர்ந்தார்கள். வங்கிகளும் நிறுவனங்களும் தலைநகருக்குப் போயின. எஞ்சிய வாரிசுகளால் பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட மரவீட்டைப் பராமரிக்க முடியவில்லை. கறையானும் ஈரமும் ஆண்டுதோறும் செலவு கேட்கும். எனவே அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். 1926இல் நிறுவப்பட்ட பெதெரிக்கோ சாந்தா மரியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், 1928இல் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் கொண்டுவந்த வெளியூர் மாணவர்கள் அந்த அறைகளை நிரப்பினார்கள். விற்பனை முகவர்களும் சிறு அலுவலர்களும் தங்கிய ரெசிடென்சியால் என்ற குடும்ப விடுதிகளும் இதே வகை வீடுகளில் நடந்தன. ஜனவரி, பிப்ரவரி கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட, காலியான கட்டிலில் கடல் பார்க்க வந்தவர் படுத்தார். ஹாஸ்டல் என்ற பெயர்ப்பலகை ஏறும் முன்பே ஹாஸ்டலின் கணக்கு இங்கே புழக்கத்தில் இருந்தது.

பெயர்ப்பலகை ஏறத் தாமதமானதற்கு அரசியலும் ஒரு காரணம். தென்னமெரிக்காவைக் குறைந்த செலவில் சுற்றுவோருக்கான வழிகாட்டியை லோன்லி பிளானட் 1980இல் வெளியிட்டது. சிலி அப்போது பினோசேயின் இராணுவ ஆட்சியில் இருந்தது. பல ஆண்டுகள் நீடித்த இரவு ஊரடங்கு துறைமுகத் தெருக்களின் இரவு வாழ்வை முடக்கியது. கொள்கலன் கப்பல்கள் வந்து, மாலுமி கரையில் கழிக்கும் நாட்களை மணிக்கணக்காகச் சுருக்கியதால் பழைய மாலுமித் தங்குமிடங்களும் தேய்ந்தன. 1990இல் மக்களாட்சி திரும்பி, நாடாளுமன்றம் வால்பரைசோவுக்கு மாற்றப்பட்டது. பெய்யாவிஸ்தா குன்றிலுள்ள பாப்லோ நெரூதாவின் வீடான லா செபாஸ்தியானா அருங்காட்சியகமாயிற்று. புத்தாண்டு வாணவேடிக்கை பெருங்கூட்டத்தை ஈர்த்தது. 2003இல் யுனெஸ்கோ, துறைமுகத்தை ஒட்டிய சுமார் 23 ஹெக்டேர் பரப்பை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஹாஸ்டல்களின் பெருக்கம் இதற்குப் பிந்தையது. 2010ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டம், தங்குமிடம் நடத்துவோர் செர்னாத்தூர் என்ற தேசியச் சுற்றுலாத் துறையிடம் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. முறைப்படி பதிவுபெற்ற தங்குமிடங்களில் அந்நியச் செலாவணியில் பணம் செலுத்தும் வெளிநாட்டவருக்கு 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி இல்லை என்ற விலக்கும் உண்டு. ஆனால் சிறு விடுதிகள் பலவற்றுக்கு அந்தக் கணக்குமுறை எட்டுவதில்லை.

இத்தகைய வீட்டில் தங்குவது எப்படியிருக்கும் என்பதிலும் அதன் பழைய வாழ்க்கை தெரிகிறது. வரவேற்பறையாக இருந்த பெரிய கூடத்தில் எட்டுக் கட்டில். பணியாளர் அறையில் இரண்டு. தரைப்பலகை கிரீச்சிடும், சுவர் வழியே பேச்சு கேட்கும். குளியலறைக்கு வெந்நீர் தருவது காலிபோன் எனப்படும் எரிவாயுக் கொதிகலன். இருவர் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் ஒருவருக்குக் குளிர்ந்த நீர்தான். குளிர்கால மாதங்களில் ஈரக்காற்று நெளிதகட்டைத் தாண்டி வரும். மையச் சூடேற்றி கிடையாது, கனமான கம்பளிதான் துணை. காலையில் நகரத்தார் பான் பாத்தீதோ என்று சொல்லும் மொறுமொறுப்பான ரொட்டி, வெண்ணெய்ப்பழம், பழக்கூழ், உடனடிக் காப்பி. கீழே போக சரிவுத் தூக்கி அல்லது படிக்கட்டு. சமதளத்தில் 1952இல் ஓடத் தொடங்கிய டிராலி பேருந்து. குறைந்த வாடகைக்கு நட்சத்திர விடுதியின் சொகுசை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். வாழ்ந்து பழகிய வீட்டில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்பவருக்கு, அறையின் உயரமும் சன்னலில் தெரியும் விரிகுடாவும் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும்.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, மலிவு விடுதி என்ற கருத்தே ஜெர்மனியில் பிறந்தது என்பது. பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1909இல் அதைச் சிந்தித்தார். 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறந்தது. கட்டில் வரிசை, பொதுச் சமையலறை ஆகியவற்றுக்கு அந்த இயக்கம் முன்மாதிரி என்பது உண்மை. ஆனால் அதன் உயிர் வேறு இடத்தில் இருந்தது. நகரத்துப் பிள்ளைகளை இயற்கைக்குள் நடக்கவைப்பது, உறுப்பினர் அட்டை, விடுதிக் காப்பாளர், இரவில் குறித்த நேரத்தில் கதவடைப்பு, ஆண் பெண் தனி அறைகள் என அது ஒரு கல்வி முயற்சி. வால்பரைசோவின் வீடுகளில் பொதுவாக இவற்றில் எதுவும் இல்லை. இங்கே நடப்பது வணிகம்: வீட்டுக்காரர் வாடகை வாங்குகிறார், வயது கேட்பதில்லை, நள்ளிரவுக்குப் பின்னும் கதவு திறக்கிறார். பயணிகள் தங்கள் எதிர்பார்ப்புகளை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தார்கள். விடை சொல்ல வீடு ஏற்கெனவே தயாராக இருந்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது. கொன்வென்தீயோவில் நோயோடும் வறுமையோடும் அடைபட்ட குடும்பத்தையும், விரும்பி மூன்று இரவு தங்கும் பயணியையும் ஒரே கோட்டில் நிறுத்துவது ஏழைகளின் துயரைச் சிறுமைப்படுத்தாதா? நிறுத்தினால் சிறுமைப்படுத்தும்தான். கூலிக்கு மாற்று வழி இருக்கவில்லை. பயணி நாளையே கிளம்பலாம். இங்கே தொடர்ச்சி என்று காட்டுவது அனுபவத்தையல்ல, வீட்டின் பொருளாதாரத்தை. ஒருவரால் தாங்க முடியாத வாடகையையும், ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத பராமரிப்பையும் பலர் பகிர்ந்து சுமப்பது என்ற ஒரே கணக்குதான் மாலுமி வீட்டிலும் முற்ற வரிசையிலும் மாணவர் அறையிலும் ஹாஸ்டலிலும் நடந்திருக்கிறது. கணக்கு ஒன்றாயிருப்பதால்தான் அது யாருக்குச் சுமையாகவும் யாருக்கு வசதியாகவும் இருந்தது என்பதை வரலாறு தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பு இன்றைய நகரத்தார் எழுப்புவது: விடுதிகள் குடியிருப்போரை விரட்டுகின்றன. அலெக்ரே, கொன்செப்சியோன் குன்றுகளில் 2003க்குப் பின் வீட்டு விலை ஏறியது. பழைய குடும்பங்கள் போய், உணவகங்களும் விலையுயர்ந்த சிறு ஓட்டல்களும் வந்தன. இதை மறுக்க இடமில்லை. ஆயினும் இரு செய்திகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். லா மாத்ரிஸ் தேவாலயத்தைச் சுற்றிய துறைமுகப் பகுதியும் அதே பாரம்பரிய எல்லையின் பகுதி. அங்கே விடுதிகள் அவ்வளவாகப் போகவில்லை. எரிந்தும் பூட்டியும் கிடக்கும் கட்டடங்கள்தான் மிகுதி. 2007 பிப்ரவரியில் செர்ரானோ தெருவில் எரிவாயுக் கசிவு வெடித்து நால்வர் இறந்தார்கள்; சிதைந்த கட்டடங்கள் நெடுங்காலம் வெறும் முகப்பாகவே நின்றன. ஆளில்லாமை பயணியைவிட விரைவாக வீட்டைக் கொல்கிறது. அடுத்தது, ஏழைகளின் வீட்டுச் சிக்கல் சுற்றுலாக் குன்றுகளில் முடிவதல்ல. 2014 ஏப்ரலில் மேல் குன்றுகளில் மூண்ட தீ சுமார் 2,900 வீடுகளை அழித்து 15 பேரைப் பலிகொண்டது. காட்டின் ஓரத்திலும் நீரோடைப் பள்ளங்களிலும் அவர்கள் வீடு கட்டியதற்கு வேர்க்காரணம், பல பத்தாண்டுகளாகக் கட்டுப்படியான வீடு கீழே கிடைக்காமற்போனது. சில நூறு கட்டில்கள் அல்ல.

எனினும் எல்லா விடுதியும் ஒன்றல்ல என்பதே இந்த மறுப்பிலிருந்து கற்க வேண்டியது. உரிமையாளரோ குத்தகைக்காரரோ அதே வீட்டில் வாழ்ந்து நடத்தும் விடுதி, நகரத்தின் பழைய ஏற்பாட்டைத் தொடர்கிறது: கூரை பழுது பார்க்கப்படுகிறது, ரொட்டி தெருமுனைக் கடையில் வாங்கப்படுகிறது, பக்கத்து வீட்டாருக்கு முகம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். உரிமையாளர் வெளியூரிலிருந்து சாவிப்பெட்டி வழியே விடும் குறுகியகால வாடகை அறை அந்த ஏற்பாட்டிலிருந்து வீட்டை விலக்கிவிடுகிறது. 2019 அக்டோபர் போராட்டங்களும் அவற்றைத் தொடர்ந்த பெருந்தொற்றும் பயணிகளை நிறுத்தியபோது முதல்வகை விடுதிகள்தாம் வலுவாக அடிபட்டன. வேறு வருமானமில்லாத சில வீடுகள் மூடப்பட்டன. பாரம்பரியப் பட்டியல் முகப்பின் வண்ணத்தைக் காக்கிறது. உள்ளே குடியிருப்பவரைக் காக்கும் விதி அதில் இல்லை. வால்பரைசோவுக்குப் போகிறவர் கையில் உள்ள தேர்வு சிறியதுதான், ஆனால் பயனுள்ளது. பதிவுபெற்ற தங்குமிடங்களின் பட்டியலைச் செர்னாத்தூர் பொதுவில் வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் வீட்டின் பெயர் அதில் உள்ளதா என்று பாருங்கள், வீட்டுக்காரர் அங்கேயே வசிக்கிறாரா என்று கேளுங்கள்.