சயாம் மரண ரயில் பாதையில் தமிழர்

இரண்டாம் உலகப் போரின்போது தாய்லாந்தின் (பழைய பெயர் சயாம்) பான்போங் வட்டாரத்தையும் பர்மாவின் தன்பியூசயாட்டையும் இணைத்து, 1942–43இல் ஜப்பானியப் படை போட்ட 415 கி.மீ. இருப்புப் பாதையே சயாம் மரண ரயில் பாதை. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் இதில் உழைத்தனர்; 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் கணக்கு மதிப்பீடுதான்: கொண்டுசெல்லப்பட்டோர் 1,80,000க்கு மேல், இறந்தோர் 70,000 முதல் 90,000 வரை. இவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டத் தமிழர். அவர்களோ அவர்களது பெற்றோரோ கப்பலேறிய சீமைகளில் ஒன்று, செஞ்சியை உள்ளடக்கிய அன்றைய தென்னார்க்காடு.

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்மரம் சீவ வேலையில்லை, அரிசிக்கும் தட்டுப்பாடு. நல்ல கூலி, சாப்பாடு, சில மாதத்தில் வீடு திரும்பலாம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர் திரும்பாததால் ஆசை காட்டுவது பலிக்கவில்லை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கிராணிகளிடமும் (எழுத்தர்) கங்காணிகளிடமும் (மேற்பார்வையாளர்) கேட்டு வாங்கினார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, பார்க்க வந்தவர்களை லாரியில் ஏற்றியதும் உண்டு.

சரக்குப் பெட்டிகளில் பான்போங் வரை பயணம். அதற்குமேல் காட்டு முகாம்களுக்குப் பலர் நடந்தே போனார்கள். மூங்கில் கொட்டகை, அரைவயிற்றுக் கஞ்சி, பாறை உடைப்பு. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம்கள் காலியாயின. போர்க்கைதிகளுக்குத் தங்கள் படை மருத்துவர்களும், பெயர்ப் பதிவேடு காத்த அதிகாரிகளும் இருந்தார்கள். தமிழர் முகாம்களில் இரண்டும் இல்லை. பிழைத்தவர் விகிதத்தில் இரு தரப்புக்கும் இருந்த வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்களைப் பிரித்து ஜப்பானியர் அங்கே அனுப்பியது 1943 நடுவில்தான்.

சட்டமும் இந்தத் தொழிலாளரைக் கைவிட்டது. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளுக்கானது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை. என்றாலும் சுட்டிக்காட்ட ஓர் ஏடாவது கைதிகளுக்கு இருந்தது. ஆக்கிரமிப்பாளர் குடிமக்களை வேலை வாங்குவதற்கு விரிவான வரம்பு வந்தது 1949ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா உடன்படிக்கையில். 1951இல் ஜப்பானுடன் செய்த சான்பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் தனிநபர்களுக்கென இழப்பீடு ஒதுக்கியதும் முன்னாள் கைதிகளுக்கே. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி மலேசிய வெள்ளி (டாலர்) மதிப்பில் நல்லெண்ண உதவி வழங்க ஒப்புக்கொண்டது. அது வந்தது இரண்டு கப்பல்களாக!

உலகம் இந்தப் பாதையை அறிந்தது 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தால். இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் கதையும் வெள்ளைக்காரக் கைதிகளுடையதே. தமிழில் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார்.

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் அடக்கம். இறந்த தமிழருக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. ஆனால் அவர்களது பூர்வீகச் சீமைப் பக்கம், செஞ்சிக்கு மேற்கே செங்கம் வட்டாரத்து நடுகற்களில், ஆநிரை மீட்கப் போய் மாண்டவன் பெயர் பல்லவர் காலத்திலேயே பொறிக்கப்பட்டது. சயாமில் மடிந்தவர்களுக்குக் காஞ்சனபுரியில் தமிழர் நடுகல் எழுப்பியது 2023இல்.