மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு (இந்தியா)

சாலை விபத்தில் காயமுற்றவரோ இறந்தவரின் வாரிசுகளோ, வாகனத்தின் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோரிடம் இழப்பீடு கோரித் தொடுக்கும் வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 165ஆம் பிரிவின்படி அமைந்த தீர்ப்பாயங்கள் இதை விசாரிக்கின்றன. தமிழ்நாட்டில் இம்மனுவை ‘எம்.சி.ஓ.பி.’ என்பர். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இத்தீர்ப்பாயமாகவும் செயல்படுகிறது.

குற்ற வழக்கும் இழப்பீடும்

ஒரே விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் கிளைக்கலாம். ஓட்டுநர் மீதான குற்ற வழக்கை அரசு நடத்தும். 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மதுவுடன் ஓட்டினால், 185ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ரூ. 10,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இழப்பீட்டு வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். ஆகவே குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு தானாக வீழ்ந்துவிடாது.

வழக்கறிஞரின் பணி

முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை ஆவணங்கள், காப்பீட்டுப் பத்திரம், ஓட்டுநர் உரிமம், வருமானச் சான்று ஆகியவற்றைத் திரட்டிச் சாட்சிகளை விசாரிப்பது மனுதாரரின் வழக்கறிஞரது வேலை. காயம்பட்டோர் வழக்கில் ஊனச் சதவீதம் மட்டும் போதாது. அந்த ஊனத்தால் பிழைப்பு எவ்வளவு குன்றியது என்பதைக் காட்ட வேண்டும் என்று ராஜ்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

கட்டணம்

தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அமெரிக்காவில் காய வழக்குகளில் அதுவே பரவலான வழக்கம். மருத்துவமனைக் கட்டிலருகே ஆள் அனுப்பி வக்காலத்தில் கையொப்பம் வாங்குவதும் விதிமீறலே. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞரைப் பெறலாம்.

தொகைக் கணக்கு

இறப்பு வழக்குகளில் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகளே அடிப்படை. எடுத்துக்காட்டாக, மாதம் ரூ. 15,000 ஈட்டிய, 30 வயதுச் சுயதொழிலாளி இறந்தார். மனைவியும் இரு குழந்தைகளும் அவரைச் சார்ந்திருந்தனர் எனக் கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ. 1,80,000. எதிர்கால வளர்ச்சிக்கு 40% கூட்டினால் ரூ. 2,52,000. அவரது சொந்தச் செலவுக்கென மூன்றிலொரு பங்கைக் கழித்தால் ரூ. 1,68,000. வயதுக்குரிய பெருக்கெண் 17, ஆக, ரூ. 28,56,000. ஈமச்செலவு, துணை இழப்பு போன்றவை தனியே சேரும். வருமானச் சான்று இல்லையெனில் முதல் எண்ணே சரிந்து, மொத்தமும் சுருங்கும்.

கெடுவும் முடிவும்

விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி மனுதாரர் வசிக்கும் இடத்திலும் மனு செய்யலாம். மனு செய்வதற்கென 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொணர்ந்த ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. எனவே கையொப்பமிடும் முன் தொகையைச் சரிபார்த்துச் சொல்வது வழக்கறிஞரின் கடைசிக் கடமையாகிறது.