எல்லை தாண்டும் சீட்டு: ஐரோப்பிய ரயில்களில் முன்பதிவும் பணப் பங்கீடும்

1870-களில் லண்டன் லட்கேட் சர்க்கஸில் இருந்த தாமஸ் குக் அலுவலகத்துக்குப் போன ஒருவர், பாரிஸ், ஜெனீவா, மிலான் என்று சுற்றித் திரும்புவதற்கு வேண்டிய சீட்டு முழுவதையும் ஒரே இடத்தில், தம் நாட்டுப் பணத்தில், ஒரே புத்தகமாக வாங்கிவிடலாம். இன்று அதே வழியில் போக நினைக்கும் சுற்றுலாப் பயணி லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் ரயிலுக்கு ஓர் இணையதளம், பாரிஸ்–ஜெனீவா லிரியா ரயிலுக்கு இன்னொன்று, மிலான் ரயிலுக்கு சுவிஸ் அல்லது இத்தாலிய நிர்வாகத்தின் தளம் என்று அலைய நேரிடுகிறது. இடையில் ரயிலின் வேகம் பல மடங்கு கூடிவிட்டது. சீட்டு அச்சிடும் வேலையே இல்லாமல் போய், கைப்பேசித் திரையில் ஒரு சதுரக் குறியீடாகிவிட்டது. அப்படியிருந்தும் ஒன்றாக இருந்த சீட்டு ஏன் துண்டுபட்டது?

நாடுகள் பல என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அன்றும் நாடுகள் பலவாகத்தான் இருந்தன. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ரயில் கம்பெனிகள் இன்னும் பலவாக இருந்தன. பயணியின் கைக்கு வரும் சீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது, அவர் கொடுத்த பணத்தை ரயில் நிர்வாகங்கள் தமக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்பதே. இக்கட்டுரை அந்தப் பங்கீட்டின் வழியே வரலாற்றைப் பார்க்கிறது.

அட்டையும் கணக்கும்

ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் குதிரைக் கோச்சு வழக்கப்படியே எழுத்தர் ஒவ்வொரு சீட்டையும் கையால் எழுதித் தந்தார். எத்தனை சீட்டு விற்றது, எவ்வளவு பணம் வந்தது என்று சரிபார்க்க நம்பகமான வழி இல்லை. லங்காஸ்டரில் மரச்சாமான் செய்யும் தொழில் கற்றவரான தாமஸ் எட்மண்ட்சன், 1830-களின் பிற்பாதியில் நியூகாசில்–கார்லைல் பாதையில் மில்ட்டன் என்ற சிறு நிலையத்தில் பணியாற்றியபோது இதற்கு ஒரு வழி கண்டார். வரிசை எண்ணோடு முன்னதாகவே அச்சிட்ட கெட்டி அட்டைகள். விற்கும்போது தேதி பொறிக்க ஒரு சிறு இயந்திரம். மாலையில் அடுக்கில் அடுத்து நிற்கும் எண்ணைப் பார்த்தாலே அன்றைய விற்பனை தெரிந்துவிடும். தம் முறையைப் பயன்படுத்திய கம்பெனிகளிடம் அவர் ஆண்டுக்கு மைலுக்கு 10 ஷில்லிங் உரிமத் தொகை வாங்கினார். கணினி வரும் முன்பு நம் ஊர்க் கவுன்ட்டரில் எழுத்தர் இயந்திரத்தில் செருகி ‘டக்’கென்று தேதி போட்டுக் கொடுத்த அட்டை டிக்கெட் இந்த அட்டையின் வாரிசுதான்.

வரிசை எண் ஒரு நிலையத்தின் கணக்கைச் சரிசெய்தது. ஒரே சீட்டில் மூன்று கம்பெனிகளின் பாதையில் பயணி போனால் பணம் யாருக்கு? இதற்காகவே 1842-இல் லண்டனில் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் தோன்றியது. வங்கிகள் தமக்குள் காசோலைகளைத் தீர்த்துக்கொண்ட முறையே இதற்கு முன்மாதிரி. நிலையங்கள் அனுப்பிய விவரங்களை வைத்து, எந்தப் பாதையில் எத்தனை மைல் என்று எழுத்தர்கள் கணக்கிட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். பயணிகள் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் வண்டி மாறும் இடத்தில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டிய தொல்லை அவர்களுக்குத் தீர்ந்தது அங்கே நடந்த வேலையால்தான்.

தாமஸ் குக் இந்த ஏற்பாட்டின் மேல்தான் தம் தொழிலைக் கட்டினார். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங்கில் அழைத்துப் போனவர், 1863-இல் சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலாக் குழுவை நடத்தினார். அவர் விற்ற சுற்றுப்பயணச் சீட்டு ஒரு சிறு புத்தகம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூப்பன். அந்தந்தப் பாதையின் ஊழியர் தமக்குரிய தாளைக் கிழித்துக்கொள்வார். அந்தத் தாளைக் காட்டி அந்த நிர்வாகம் குக்கிடம் பணம் பெறும். 1868 முதல் விடுதிக்கும் கூப்பன் வந்தது. 1873-இல் அவர் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய ஐரோப்பிய ரயில் கால அட்டவணையை 2013 வரை அந்தப் பெயரிலேயே பயணிகள் தூக்கிச் சுமந்தார்கள்.

இதே காலத்தில் எதிர்த்திசையில் ஒரு போக்கும் முளைத்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நாகல்மாக்கர்ஸ் தொடங்கிய வாகன்-லி கம்பெனிக்குச் சொந்தமாகத் தண்டவாளமோ எஞ்சினோ இல்லை. படுக்கைப் பெட்டிகள் மட்டும் அதனுடையவை. அவற்றைப் பல நாட்டு ரயில்வேக்கள் இழுத்துச் சென்றன. 1883 அக்டோபர் 4 அன்று பாரிஸிலிருந்து புறப்பட்ட ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் பயணி முதல் வகுப்புக் கட்டணத்தை ரயில்வேக்களுக்கும், படுக்கைக்கான கூடுதல் கட்டணத்தை இந்தக் கம்பெனிக்கும் கொடுத்தார். போவதற்கு ஒரு காசு, இடத்துக்கு ஒரு காசு. பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் பாஸ் கையில் இருந்தும், பிரான்ஸின் அதிவேக ரயிலான டிஜிவியில் ஏறுவதற்குத் தனியாக ரிசர்வேஷன் வாங்கும் இன்றைய பயணி, தெரியாமலேயே அந்தப் பிரிவினையின் கீழ் நிற்கிறார்.

கிலோமீட்டர் ஆண்ட காலம்

முதல் உலகப் போருக்குப் பின் இந்த ஏற்பாடுகளுக்குச் சட்ட வடிவம் கிடைத்தது. 1922-இல் பாரிஸில் பன்னாட்டு ரயில்வே ஒன்றியமான யூஐசி அமைந்தது. 1924-இல் பயணிகளையும் அவர்களின் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிச் செல்வது பற்றிய சிஐவி ஒப்பந்தம் பெர்ன் நகரில் கையெழுத்தாயிற்று. இன்றும் பன்னாட்டு ரயில் சீட்டுகளில் சிஐவி என்ற மூன்று எழுத்துகளைக் காணலாம். இந்தப் பயணம் எத்தனை நாடுகளைக் கடந்தாலும் ஒரே ஒப்பந்தம் என்பதற்கு அவை சாட்சி.

கட்டணமும் அதற்கு ஏற்பவே இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை கிலோமீட்டர், அந்த நாட்டு விகிதம் என்ன, இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் விலை. இரண்டு மாதம் முன்பு வாங்கினாலும் ரயில் புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது வாங்கினாலும் அதே விலைதான். சீட்டு இரண்டு மாதம் செல்லும். வழியில் எங்கும் இறங்கித் தங்கிவிட்டு மறுபடி ஏறலாம். மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர் பேர் தெரியாமல் வந்து இறங்கும் ஓர் அந்நியரை அது ஏமாற்றவில்லை. இந்த ஆய்வாளரின் கணிப்பில், சுற்றுலாப் பயணிக்கு ஐரோப்பிய ரயில்கள் தந்த மிகப் பெரிய மரியாதை அந்தச் சமவிலைதான்.

பாஸ் இந்த மரத்தில் பழுத்த கனி. விமானமும் காரும் போட்டியாக வந்துவிட்ட நிலையில், 1959-இல் 13 நாடுகளின் ரயில்வேக்கள் சேர்ந்து யூரெயில் பாஸைக் கொண்டுவந்தன. ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கு மட்டுமே அது. அமெரிக்கப் பயணியின் டாலர் அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே வந்து சேர்ந்துவிடும். 1972-இல் யூஐசியின் 50-ஆம் ஆண்டை ஒட்டி, 21 வயது வரையிலான ஐரோப்பிய இளைஞர்களுக்காக இன்டர்ரெயில் வந்தது. 21 நாடுகள், ஒரு மாதம். பிரிட்டனில் விலை 27.50 பவுண்ட். அந்த ஓராண்டுக்கு மட்டும் என்று தொடங்கியதை நிறுத்த முடியாமல் போயிற்று. 1998-இல் வயது வரம்பும் எடுக்கப்பட்டது.

பாஸோடு வரும் பயணக் குறிப்புத் தாளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ரயிலில் ஏறும் முன்பே தேதி, நேரம், புறப்படும் ஊர், சேரும் ஊர் என்று பேனாவால் கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பாமல் பிடிபட்டால் அபராதம் வரை போகும். பல இளைஞர்கள் அதை நாட்குறிப்பைப் போலப் பாதுகாத்து வைத்தார்கள். நிர்வாகங்களுக்கோ அது மோசடியைத் தடுக்கும் வழி. யாருடைய பாதையில் பாஸ் எவ்வளவு ஓடியது என்று தெரிந்து பணத்தைப் பிரிப்பதற்கான ஆதாரமும் கூட. 2020 முதல் கைப்பேசிச் செயலி அந்த வேலையைச் செய்கிறது.

விமான வழியில் விலை

பிளவு இருக்கையிலிருந்து தொடங்கியது. 1981 செப்டம்பரில் பாரிஸ்–லியோன் டிஜிவி ஓடத் தொடங்கியபோது அதில் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. இருக்கை எண்ணப்படும் பொருளாகிவிட்டால், எந்த இருக்கையை எந்த நாளில் எந்த விலைக்கு விற்பது என்ற கேள்வி தானாகவே எழும். அந்தக் கேள்விக்கு விமானக் கம்பெனிகள் ஏற்கெனவே விடை வைத்திருந்தன. 1993-இல் பிரெஞ்சு ரயில்வே, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சேபர் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு சோக்ரட் என்ற முன்பதிவுக் கணினியைப் புகுத்தியது. தொடக்க மாதங்களில் கோளாறுகள், கவுன்ட்டர்களில் நீண்ட வரிசைகள், பயணிகளின் கோபம். ஆயினும் முறை நிலைத்துவிட்டது. 1994-இல் யூரோஸ்டாரும் 1996-இல் தாலிஸ் என்ற அதிவேக ரயிலும் வந்தபோது கிலோமீட்டர்க் கட்டணத்தை விட்டுவிட்டுத் தமக்கென்று விலை வைத்தன.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. 1992 முதல் பான்கார்டு என்ற ரயில் தள்ளுபடி அட்டை வைத்திருந்தவர்கள் எந்த ரயிலிலும் பாதிக் கட்டணத்தில் போய்வந்தார்கள். 2002 டிசம்பர் 15 அன்று ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பான் அந்த அட்டையை நீக்கிவிட்டு, முன்கூட்டிக் குறிப்பிட்ட ரயிலில் பதிவு செய்தால்தான் தள்ளுபடி என்ற புதிய விலை முறையைக் கொண்டுவந்தது. மக்கள் ஏற்கவில்லை. கண்டனம் வலுத்தது, பயணிகள் குறைந்தார்கள், 2003 ஆகஸ்டிலேயே பாதிக் கட்டண அட்டை திரும்பி வந்தது. ஜெர்மன் பயணி போராடி வென்றது, நினைத்தபோது ஏறும் உரிமையை. உள்ளூரார் குரல் கொடுத்ததால் அது கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு வாரம் வந்துபோகும் சுற்றுலாப் பயணிக்கு அப்படிக் குரல் எழுப்ப அமைப்பும் இல்லை, வாக்கும் இல்லை.

1991-இல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த நெறிமுறை, தண்டவாளத்தின் கணக்கையும் ரயில் ஓட்டும் தொழிலின் கணக்கையும் பிரிக்கச் சொன்னது. அதன் நீண்ட விளைவாக 2012-இல் இத்தாலியில் இத்தாலோ, 2021-இல் பிரான்ஸின் பாரிஸ்–லியோன் பாதையில் இத்தாலியின் ட்ரெனித்தாலியா என்று போட்டியாளர்கள் வந்தார்கள். போட்டி உள்ள பாதைகளில் சீட்டு மலிந்தது உண்மை. பழைய கூட்டாளிகள் போட்டியாளர்களாக மாறியபின், ஒருவர் சீட்டை மற்றவர் விற்க வேண்டிய அவசியம் போய்விட்டது என்பதும் உண்மை. எல்லை கடக்கும் ஒரே ரயிலின் ஒரே இருக்கை, எல்லைக்கு இப்புறம் உள்ள நிர்வாகத்தின் தளத்தில் ஒரு விலைக்கும் அப்புறம் உள்ளதில் வேறு விலைக்கும் கிடைப்பது இப்போது சாதாரணம்.

பணம் கட்டும் வழியில் மட்டும் சுமை ஓரளவு குறைந்தது. 2002-இல் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்து, பல எல்லைகளில் பணம் மாற்றும் வேலை ஒழிந்தது. இந்தியாவிலிருந்து பதிவு செய்பவருக்கு ஒரு படி கூடுதல்: 2020 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அட்டைதாரரே இயக்க வேண்டும். மலிவான சீட்டு திரையில் கண்ணெதிரே இருக்க, அட்டை மறுக்கப்படுவது பல நேரம் இதனால்தான்.

தவறவிட்ட இணைப்பு யார் பொறுப்பு?

துண்டுபட்ட சீட்டின் உண்மையான விலை ரயில் தாமதமாகும்போதுதான் தெரியும். 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, ஒரு மணி நேரத் தாமதத்துக்குச் சீட்டு விலையில் 25 விழுக்காடும் இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் போனால் 50 விழுக்காடும் இழப்பீடு என்று வகுத்தது. ஒரே சீட்டாக இருந்தால் இறுதியில் சேரும் ஊரில் ஏற்பட்ட தாமதம் கணக்கில் வரும். மூன்று சீட்டாக வாங்கியிருந்தால், முதல் ரயிலின் 40 நிமிடத் தாமதத்துக்கு இழப்பீடே இல்லை. அதனால் தவறிப்போன இரண்டாவது ரயிலின் சீட்டு வீண். பாதிக்கப்பட்ட பயணியை அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்ளப் பல நிர்வாகங்கள் தமக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன. அது அவர்கள் காட்டும் சலுகை; கேட்டுப் பெறும் உரிமையாக விதியில் இடம்பெறவில்லை. அப்படி ஒன்று இருப்பதே புதிதாக வருபவருக்குத் தெரியாது.

2023 ஜூன் 7 முதல் நடப்பில் உள்ள திருத்திய விதி, ஒரு நிர்வாகம் தன் சொந்த ரயில்களுக்கேனும் தொடர் சீட்டு தர வேண்டும் என்கிறது. இடைத்தரகர் தாமாகவே பல சீட்டுகளைக் கோத்து ஒரே பரிவர்த்தனையில் விற்று, இணைப்பு தவறினால், முழுப் பணத்தையும் திருப்பித் தந்து அதற்கு மேல் 75 விழுக்காடு இழப்பீடும் கொடுக்க வேண்டும். ஆனால் இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று விற்கும்போதே அறிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை. அதனால் பல தளங்களில் பணம் கட்டும் பொத்தானுக்கு அருகே அந்த ஒற்றை வரி சிறிய எழுத்தில் நிற்கிறது. பயணி அட்டை எண்ணை இடுவதற்கு முன் படிக்க வேண்டிய வரி அதுதான்.

2024 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன், ஒரே தளத்தில் ஒரே சீட்டு, பயணம் முழுமைக்கும் உரிமை என்ற சட்டத்தைக் கொண்டுவருவதாக உறுதியளித்தார். பல கம்பெனிகளின் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தொழில்நுட்ப வடிவத்தை யூஐசியும் விற்பனையாளர்களும் சேர்ந்து உருவாக்கி வருகிறார்கள். ஆனால் வியன்னாவுக்கான கடைசி இரவு ரயிலைப் பாரிஸிலிருந்து வந்தவர் சூரிக்கில் தவறவிட்டால், அன்றிரவு விடுதிச் செலவைப் பிரெஞ்சு, சுவிஸ், ஆஸ்திரிய நிர்வாகங்களில் யார் ஏற்பது, சீட்டை விற்ற தரகருக்கு யார் கமிஷன் கொடுப்பது, இருக்கை விலை விவரங்களைப் போட்டியாளருக்கு எவ்வளவு திறந்துகாட்டுவது என்பவை கணினியால் தீரும் கேள்விகள் அல்ல. 1842-இல் லண்டன் எழுத்தர்கள் மைல் கணக்கில் தீர்த்த வழக்கை, விலை நொடிக்கு நொடி மாறும் சந்தையில் தீர்க்க ஐரோப்பாவுக்கு இன்னும் ஒரு பொது அளவுகோல் கிடைக்கவில்லை.