4 டாலர் கணக்கு

பிடித்த வேலையை வைத்து இணையத்தில் கடை போடலாமா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பழைய கதைதான் வரும்!

1997. அமெரிக்காவில் வுட்ஸ்டாக் என்ற ஊர். டெரெக் சிவர்ஸ் என்ற 27 வயது இசைக்கலைஞர் தன் பாட்டு சிடியை இணையத்தில் விற்க நினைத்தார். பேபால் எல்லாம் வராத காலம். கிரெடிட் கார்டில் பணம் வாங்கும் வசதிக்கே 1000 டாலர் செலவு, 3 மாத அலைச்சல். அது கிடைத்ததும் நண்பர்கள், "எங்கள் சிடியையும் விற்றுக் கொடுப்பா" என்றார்கள். அப்படி உதவியாக ஆரம்பித்ததுதான் 'சிடி பேபி'.

கமிஷன் எவ்வளவு வைப்பது? உள்ளூர் கடையில் விசாரித்தார். சிடிக்கு 4 டாலர் எடுக்கிறோம் என்றார்கள். அதையே வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் ஆராய்ச்சி. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. விற்ற பணம் வாராவாரம் கலைஞர் கைக்குப் போனது. விநியோகஸ்தரிடம் சரக்கைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அதுதான் சோறு.

2008இல் நிறுவனத்தை 2.2 கோடி டாலருக்கு விற்றார். அந்தப் பணம் அறக்கட்டளைக்குப் போனது. உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் ஒரு பங்கு அவருக்கு; அவருக்குப் பிறகு மிச்சமெல்லாம் இசைக் கல்விக்கு.