நொதித் தடுப்பு வழி டி செல் கட்டுப்பாடு

உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கத் தொடங்கிவிட்ட, நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களை, அவை பெருகவோ கட்டளை பெறவோ தேவைப்படும் நொதியை மருந்தால் முடக்கி அடக்கும் சிகிச்சை முறை. முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்குநோய்களில் பயன்படுகிறது. சரவாங்கி என்றும் அழைக்கப்படும் முடக்குவாதத்துக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித்தரும் மெத்தோட்ரெக்சேட் இவ்வகை மருந்துகளில் முதன்மையானது. சென்னையில் மருத்துவம் படித்த ஒருவரின் ஆய்வுக்கூடத்திலிருந்து அது வந்தது.

ஓய்வில் இருக்கும் டி செல்லுக்குச் செலவு குறைவு. சிதைந்த டி.என்.ஏ.வின் துண்டுகளை எடுத்துப் புழங்கியே காலம் தள்ளிவிடும். எதிரியைக் கண்டதாக எண்ணி விழித்துக்கொண்டால் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இரண்டாகப் பிரியும். அதற்கு வேண்டிய டி.என்.ஏ. உறுப்புகளான பியூரின், பிரிமிடின் ஆகியவற்றைப் புதிதாக ஆக்கியே தீர வேண்டும். அந்த ஆக்கத்தில் ஒரு நொதி நின்றாலும் பெருக்கம் நின்றுபோகும். உறங்கும் செல்களுக்கோ பாதிப்பு குறைவு. லெஃப்ளுனோமைடு பிரிமிடின் வழியையும் மைக்கோஃபீனோலேட் பியூரின் வழியையும் அடைக்கின்றன. சைக்ளோஸ்போரின் கால்சினியூரின் எனும் நொதியை முடக்கி, பெருகச் சொல்லும் இன்டர்லூகின்-2 உருவாவதைத் தடுக்கிறது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபாசிட்டினிப், வெளியிலிருந்து வந்த கட்டளை செல்லுக்குள் போய்ச் சேராதபடி ஜேனஸ் கைனேஸ் நொதிகளை மறிக்கிறது.

மெத்தோட்ரெக்சேட்டைத் தந்த ஆய்வுக்கூடத்தின் எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை; எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடுதான் வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். ஸ்ப்ரூ எனும் குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். 1940களில் லெடர்லி நிறுவனத்தில் அவருடைய குழு செயற்கையாக உருவாக்கிய ஃபோலிக் அமிலம் அந்த நோய்க்கே மருந்தானது. பிறகு அதே குழு, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றை உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை ரத்தப் புற்றுள்ள குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிவதை 1948 ஜூனில் வெளியிட்டார். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார். அவருக்கு வயது 53.

1951இல் ரிச்சர்ட் கப்னர் அமினோப்டெரினை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மூட்டு வீக்கம் குறைந்தது, சொரியாசிஸ் இருந்தவர்களின் தோலும் தெளிந்தது. ஆனால் அது கார்ட்டிசோன் எனும் ஸ்டீராய்டு மருந்தின் காலம். இந்தக் கண்டுபிடிப்பைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. மெத்தோட்ரெக்சேட்டுக்கு அமெரிக்காவில் முடக்குவாத மருந்தாக அனுமதி கிடைத்தது 1988இல்தான். அந்த இடைவெளியில் எத்தனை விரல்கள் கோணிப்போயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மெத்தோட்ரெக்சேட் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியை இறுகப் பற்றிக்கொள்கிறது. புற்றுநோயில் இதுவே அதன் வேலை. முடக்குவாதத்துக்கான சிறு அளவில் கதை வேறு. இதனுடன் ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படுகிறது. அப்படியும் மூட்டில் பலன் குறைவதில்லை. மருந்து செல்லுக்குள் குளுட்டமேட் வால் முளைத்து வாரக்கணக்கில் தங்கி, பியூரின் ஆக்கத்தின் இன்னொரு நொதியைத் தடுக்கிறது. அதனால் செல்லுக்கு வெளியே அடினோசின் பெருகுகிறது. டி செல்லின் ஏற்பியில் அது அமரும்போது செல் அடங்குகிறது. வாரம் ஒரு வேளை மருந்து போதுமாயிருப்பது அந்த நீண்ட தங்கலால்தான்.

ஃபோலிக் அமிலத்தின் ஒரு பகுதி டெரின் எனும் வளையம். வண்ணத்துப்பூச்சிச் சிறகின் நிறமிகளில் முதலில் காணப்பட்டதால் அந்தப் பெயர். இதே வளையம் கொண்ட டெட்ராஹைட்ரோபயோடெரின் இல்லாவிட்டால் விழித்த டி செல் பெருகத் திணறுகிறது என்றும், செல்லின் இரும்புப் பயன்பாடும் ஆற்றல் உற்பத்தியும் குலைகின்றன என்றும் 2018இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. டெட்ராஹைட்ரோபயோடெரினை ஆக்கும் செபியாடெரின் ரிடக்டேஸ் நொதியைத் தடுத்தபோது எலிகளில் தன்னுடல் தாக்குநோய் தணிந்தது. முடக்குவாதத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் சல்ஃபாசலசின் இந்த நொதியையும் தடுக்கிறது.

சென்னையை அடுத்த திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த மருந்துகள் தொலைவானவை அல்ல. அங்குள்ள கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளின் வார்ப்படப் பட்டறைகளில் மணல் கையாளப்படும் இடத்தில் சிலிக்கா தூசு எழும். சிலிக்கா தூசை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு கூடுவதாக ஸ்வீடன் ஆய்வுகள் காட்டின. புகைப்பழக்கமும் சேர்ந்தால் வாய்ப்பு மேலும் கூடும். நுரையீரலில் ஒரு நொதி உடலின் புரதங்களைச் சற்றே மாற்றிவிட, அவற்றை டி செல்கள் அந்நியமாகக் காண்பதே இதன் தொடக்கம் எனக் கருதப்படுகிறது. காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் விறைத்திருந்தால், அதை வேலைக் களைப்பு என்று தள்ளிப்போடக் கூடாது. காட்டுவதற்கு மாவட்டத்திலேயே உள்ள திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று, சுப்பாராவின் பிறந்தநாளில் திறந்துவைக்கப்பட்டது.

மெத்தோட்ரெக்சேட் இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது. டோஃபாசிட்டினிப் போன்றவற்றைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோயைப் பார்த்தாக வேண்டும். பெரிய ஆபத்து எளிய தவறில் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்ற மாத்திரையை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, வாய் புண்ணாகி, உயிரே போகலாம். இத்தகைய மரணங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரை எழுதித் தருவது அவசியம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து திருவள்ளூர் மாவட்ட உருக்காலையில் வேலை செய்பவருக்கு அவர் வாசிக்கும் மொழியில்.