கோடிக்கரைப் புல்வெளி

ஹைதராபாத் மாநகரில், வனஸ்தலிபுரத்தை அடுத்து, மகாவீரர் பெயர் தாங்கிய மான் வனம் ஒன்று உளது. நிஜாம் மன்னர் வேட்டையாடிய அவ்விடம் 1975-இல் மான்களின் புகலிடமாயிற்று. அங்கே முறுக்கிய கொம்புடன் நிற்கும் வெளிமானைத் தமிழன்பர் பலர் கண்டிருப்பர். பழந்தமிழர் இரலை என்றும் புல்வாய் என்றும் வழங்கியது அம்மானையே. தமிழகத்தில் அது பெருந்திரளாக வாழுமிடம் கோடிக்கரை. விடுமுறையில் ஊர் செல்வோர் ஒருமுறை அங்கும் செல்லல் வேண்டும்.

வழி வேதாரணியத்தின் ஊடே செல்கிறது. அதுவே திருமறைக்காடு, அப்பர் பாடத் திருக்கதவம் திறந்ததும், சம்பந்தர் பாட அது மூடியதும் அங்கேதான் என்பர். அடுத்த ஊர் அகத்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 தொண்டருடன் நடந்துவந்த இராஜாஜி, 30-ஆம் நாள் உப்பெடுத்துச் சிறைப்பட்டது இவ்வுப்பளங்களிலேயாம். தொண்டர்க்குச் சோறிடுவோர் தண்டிக்கப்படுவர் என அரசினர் பறைசாற்றினர். ஊர்மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளிற் கட்டிவைத்து ஒதுங்கிக்கொண்டனர்!

உப்பளம் கடந்தால் கோடிக்கரை. சுந்தரர் பாடிய குழகர் கோயில் ஒருபால். மீனவர் குடியிருப்பு ஒருபால். அப்பால் பரந்த புல்வெளி. அதில் மான்களோடு, உரிமையாளர் எவருமின்றிக் காட்டு விலங்காகவே மாறிவிட்ட மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. இராமர் பாதம் என்னும் மணல்மேடே இங்கு மலை! குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். இந்நிலம் 1967-இல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது.

'பொன்னியின் செல்வன்' படித்தோர் பூங்குழலியையும் கலங்கரை விளக்கத்தையும் தேடுவர். சோழர் காலத்ததெனப் போற்றப்பெற்ற விளக்கம் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் இடிந்தது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் மரங்களை வீழ்த்தி, மான்களையும் குதிரைகளையும் மாய்த்தது.

எனினும் புயலினும் கொடியது ஒன்று உண்டென்பேன்: சீமைக் கருவேல். வெளிமானுக்குக் காவல் அதன் கண்ணும் காலுமே. பகையைத் தொலைவிற் கண்டு ஓடுவதற்குத் திறந்த வெளி வேண்டும். முள் அடர அடர அவ்வெளி சுருங்குகிறது. பசுமை கண்டால் மகிழும் நமக்கு இது எளிதில் விளங்குவதில்லை. மரமற்ற நிலத்தைப் 'பொட்டல்' என்றே இகழ்ந்து பழகிவிட்டோம். கருவேலை அகற்றும் பணியை வனத்துறையினர் மேற்கொண்டுள்ளனர். ஆயினும் காய்களைத் தின்னும் விலங்குகளே விதைகளைப் புல்வெளியெங்கும் எச்சத்தோடு பரப்புகின்றன. வெட்டிய அடியும் மீண்டும் துளிர்க்கிறது.