மூக்கணாங்கயிறு முதல் டிஸ்க் பிரேக் வரை: கொற்கைக் கரையில் சரக்கு வண்டிகளின் பிரேக் வரலாறு

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றி, அதன் வேகத்தைக் குறைக்கும் கருவியே பிரேக். 1,500 கிலோ எடையுள்ள சிறு சரக்கு வண்டி ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும்போது, அதை நிறுத்துவதற்குச் சுமார் 208 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். ஏறத்தாழ 700 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்க இந்த வெப்பம் போதும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இந்த வெப்பத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் பிரேக் தொழில்நுட்பத்தின் அடிப்படைக் கேள்வி. கொற்கை, தூத்துக்குடிக் கரையில் இதனுடன் இரண்டாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: உப்பை எப்படித் தாங்குவது?

இன்று "குட்டி யானை" எனப்படும் சிறு சரக்கு வண்டியும் பிக்கப் வண்டியும் வைத்திருப்போரில் சிலர், பின்சக்கரங்களில் உள்ள டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்த விரும்புகின்றனர். டிரம் பழையது, டிஸ்க் புதியது; ஆகவே டிஸ்க்கே மேலானது என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை இக்கட்டுரை வரலாற்றின் வழியே ஆராய்கிறது.

கடல் விலகியதும் வண்டி வந்ததும்

தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த கொற்கை, பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துக்குளிப்பின் தலைநகராகவும் விளங்கியது. செங்கடல் வணிக வழிகாட்டியான பெரிப்ளஸ் நூலும் தாலமியின் புவியியல் நூலும் இதைக் குறிப்பிடுகின்றன. 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு அகழாய்வு செய்தது. அதில் கிடைத்த கரித்துண்டு கரிம ஆய்வின்படி கி.மு. 785ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது.

ஆறு கொண்டுவந்த வண்டல் படியப் படியக் கடல் பின்வாங்கியது. இன்று கொற்கை கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் சிற்றூர். துறைமுகம் முதலில் பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் அதுவே. பின்னர் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் காலங்களில் தூத்துக்குடி முதன்மை பெற்றது.

கப்பல் வந்து நிற்கும் இடம் மாறினாலும், உள்நாட்டிலிருந்து சரக்கு வந்தாக வேண்டும். எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்துப் பருத்தி 19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. அதைக் கொண்டுவந்தவை மாட்டு வண்டிகள்.

மூக்கணாங்கயிறு

சமவெளியில் ஓடிய மாட்டு வண்டிகள் பலவற்றில் தனியாகப் பிரேக் என்று எதுவும் இல்லை. வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பார். மாடுகள் காலூன்றி நிற்கும். பின்னாலிருந்து தள்ளும் பாரம் நுகத்தடி வழியாக மாட்டின் மீது இறங்கும். வண்டியை நிறுத்தும் கருவி உயிருள்ள மாடாகவே இருந்தது. இறக்கமான பாதைகளில் சக்கரத்தின் மீது மரக்கட்டையை அழுத்தி உரசவிடும் முறையும் இருந்தது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. மாட்டு நடையின் வேகத்தில் வெப்பம் ஒரு சிக்கலே அல்ல. வேகம் கூடியதும் மரக்கட்டை கருகும். ஆகவே வேகமான வண்டிகள் வந்தபோது புதிய பிரேக்கும் வர வேண்டியிருந்தது.

ரயில்

மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த ரயில் பாதை 1876ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒரு மாட்டு வண்டியை நிறுத்துவதும், வரிசையாகக் கோக்கப்பட்ட பல பெட்டிகளை ஒரே நேரத்தில் நிறுத்துவதும் ஒன்றல்ல. தொடக்க கால ரயில்களில் ஆட்கள் தனித்தனியே கைப்பிடியைச் சுழற்றிப் பிரேக் போட்டனர். அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காற்றழுத்த பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். இந்திய ரயில்களில் நீண்ட காலம் வெற்றிட பிரேக் இருந்தது. பின்னர்தான் காற்றழுத்த பிரேக் பரவியது. ஓட்டுநர் தரும் விசையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் சமமாகக் கொண்டுசேர்ப்பதே பிரேக்கின் பாதி வேலை என்பதை ரயில் கற்றுத் தந்தது. மோட்டார் வண்டியில் அந்த வேலையைப் பிரேக் ஆயில் செய்கிறது.

டிரம்மும் டிஸ்க்கும் ஒரே வயதினர்

டிஸ்க் பிரேக் டிரம்முக்குப் பிந்தியது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் இரண்டும் ஒரே காலத்தவை. பிரான்சின் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கியதும், இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றதும் 1902ஆம் ஆண்டில்தான். லான்செஸ்டரின் பிரேக்கில் செம்பு பேடுகள் இருந்தன. அவை கடுமையாகக் கிறீச்சிட்டன. புழுதிச் சாலையில் விரைவில் தேய்ந்தன. மூடிய டிரம்முக்குள் புழுதி எளிதில் புகாது. ஆகவே அன்றைய சாலைக்கு டிரம்மே வென்றது.

டிரம்முக்கு இன்னொரு வசதியும் இருந்தது. சுழலும் டிரம் தன் உள்ளே அழுத்தும் ஷூக்களில் ஒன்றைத் தன்னோடு சேர்த்து இழுத்து, மேலும் இறுக்கமாகப் பிடிக்கச் செய்யும். காலால் சிறிது மிதித்தாலே போதும். டிஸ்க்கில் இந்தத் தன்னிழுப்பு இல்லை. அதை அழுத்த மிகுந்த விசை வேண்டும். 1921இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. விசையைப் பெருக்கும் பூஸ்டரும் பின்னர் பரவலானது. டிஸ்க்குக்கான வழி திறந்தது.

1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. காரணம் எளியது. டிரம் சூடானால் விரிந்து ஷூவிலிருந்து விலகும். மிதி ஆழமாக இறங்கும். டிஸ்க் சூடானால் தடித்துப் பேடை நோக்கியே நகரும். மேலும் அது திறந்த வெளியில் இருப்பதால் விரைவில் ஆறும். 1955இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் இடம்பெற்றது.

தமிழ்நாட்டின் பிரேக் தொழில்

இந்தியாவின் பிரேக் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1912இல் தஞ்சாவூர் – புதுக்கோட்டை பேருந்துச் சேவையைத் தொடங்கினார். அவர் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம் 1962ஆம் ஆண்டு இரண்டு பிரேக் நிறுவனங்களை அமைத்தது. சென்னை பாடியில் அமைந்த அவற்றில் ஒன்று, லூகாஸ் நிறுவனத்தின் கூட்டுடன் ஹைட்ராலிக் பிரேக் தயாரித்த பிரேக்ஸ் இந்தியா. மற்றொன்று, லாரி, பேருந்துகளுக்குக் காற்றழுத்த பிரேக் தயாரித்த சுந்தரம் கிளேட்டன். 1964இல் ரானே பிரேக் லைனிங் நிறுவனமும், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டன.

அந்த 1974இல்தான் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. நிலக்கரி, உரம், உப்பு என லாரிப் போக்குவரத்து பெருகியது. பிரேக் லைனிங் மாற்றும் பட்டறைகளும் சாலையோரத் தொழிலின் பகுதியாயின.

இவ்வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. வெப்பத்தைத் தாங்குவதற்காகப் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இழை சேர்க்கப்பட்டது. டிரம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதியும் காற்றுக் குழாயால் அடித்தும் துடைத்த மெக்கானிக்குகள் அந்த இழையைச் சுவாசித்தனர். நுரையீரல் நோய்க்கும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய்க்கும் அது காரணமாகும். பிரிட்டன் 1999இல் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்தது. பழைய வண்டியின் டிரம்மைத் திறப்பவர் ஈரத் துணியால் துடைக்க வேண்டும் என்ற விதி இந்த அனுபவத்தில் பிறந்தது.

குட்டி யானையின் பின்சக்கரம்

டாடா நிறுவனம் 2005ஆம் ஆண்டு மே மாதம் ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினும் முக்கால் டன் சுமையும் கொண்ட இவ்வண்டிக்குத் தமிழ்நாட்டில் "குட்டி யானை" என்ற பெயர் நிலைத்தது. இதன் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். மகிந்திரா பொலேரோ பிக்கப்பிலும், விலை மிகுந்த டொயோட்டா ஹைலக்ஸின் இந்திய மாதிரியிலும் இதே அமைப்புதான். ஆகவே விலைக் குறைப்பு மட்டுமே இதற்குக் காரணமல்ல.

முதற்காரணம் எடை. பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதி முன்சக்கரத்தில் பிறப்பதால் டிஸ்க் அங்கேதான் மிகவும் தேவை. சுமை இல்லாத பிக்கப்பின் பின்பகுதி மிக இலேசானது. அங்கே பிரேக் அதிகமாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். அதே வண்டியில் லோடு ஏற்றினால் பின்பிரேக் பலமாகப் பிடித்தாக வேண்டும். சில பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே பொருத்தப்பட்ட வால்வு ஒன்று, சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இரண்டாவது காரணம் ஹேண்ட் பிரேக். கம்பி ஒன்றை இழுத்தால் டிரம்மின் ஷூ விரிந்து, லோடு வண்டியை மேட்டிலும் பிடித்து நிறுத்தும். மூன்றாவது காரணம் சேறும் உப்பும்.

உப்புக் கரையின் பாடம்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு உள்ளது. அதன் மையம் தூத்துக்குடி. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. பாத்தியில் நீர் வற்றி ஏறத்தாழ 25 டிகிரி போமே அடர்த்தியை எட்டும்போது உப்புப் படிகிறது. அந்த நீர் சொட்டும் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் அடிப்பகுதி கடலோரக் காற்றை மட்டுமல்ல, உப்புக் கரைசலையே சந்திக்கிறது.

திறந்திருக்கும் டிஸ்க்கின் மேல் இரவில் துருப் படியும். காலையில் நாலைந்து முறை பிரேக் அடித்தால் அது தேய்ந்துவிடும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அவ்வாறு தேயாது. காலிப்பரை நகரவிடும் ஊசிகள் துருவால் இறுகினால் பேட் ஒரு பக்கமே உரசும். பேடின் இரும்புத் தகட்டில் துரு ஏறினால் உராய்வுப் பொருளே உரிந்து விழும். டிரம்மும் இதற்கு விலக்கல்ல. உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. வீல் சிலிண்டரும் அட்ஜஸ்டரும் இறுகும். ஆனாலும் மூடிய அமைப்பு என்பதால் அதற்குப் பாதுகாப்பு சற்று அதிகம்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் செவர்லே சில்வராடோ பிக்கப் 1999இல் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க்குடன் வந்தது. 2005இல் அதன் இலகு ரக மாதிரிகளில் பின்சக்கர டிரம் திரும்பியது. ஃபோக்ஸ்வாகன் 2020இல் வெளியிட்ட ஐடி.3 மின்காரிலும் பின்சக்கரத்தில் டிரம்மே உள்ளது. மின்காரில் மோட்டாரே பெருமளவு வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின்பிரேக் குறைவாகவே இயங்குகிறது. குறைவாக இயங்கும் பிரேக்கைத் துருவிலிருந்து காக்க டிரம் ஏற்றது.

வீட்டில் மாற்ற நினைப்போருக்கு

பின்சக்கரத்தில் டிஸ்க் பொருத்துவதால் கிடைக்கும் பயன் உண்மையானது. மலைப்பாதையில் முழு லோடுடன் இறங்கும் வண்டிக்கு வெப்பம் விரைவில் ஆறுவது பெரிய நன்மை. பேட் தேய்வைக் கண்ணால் பார்க்கவும் முடியும். ஆனால் டிஸ்க்கையும் காலிப்பரையும் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. காலிப்பருக்கு வீல் சிலிண்டரைவிட அதிக ஆயில் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தராமல் போகலாம். டிரம்முக்கான சில அமைப்புகளில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு உண்டு; அது டிஸ்க்கில் பேடை ஓயாமல் உரசவைத்துச் சூடாக்கும். முன், பின் அழுத்தப் பங்கீட்டைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஹேண்ட் பிரேக்குக்கு வேறு ஏற்பாடு வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் அபாயமோ, மேட்டில் நிறுத்திய வண்டி உருளும் அபாயமோ உண்டு.

சட்டமும் கவனத்துக்குரியது. பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது.

இந்தக் கரைக்கு இதைவிட எளிய மேம்பாடு ஒன்று உண்டு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அதற்குரிய அளவு 140 டிகிரி மட்டுமே. டாட் 4 வகைக்கு இவை 230, 155 டிகிரி. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பி, மிதி வெறுமனே உள்ளே போகும். வண்டிக்குரிய ஆயிலைக் காலந்தவறாமல் மாற்றி, ஏர் எடுத்து, உப்பு லோடு இறக்கியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, டிரம்மைத் திறந்து அட்ஜஸ்டரை இறுகாமல் வைத்திருந்தால், தயாரிப்பாளர் தந்த டிரம்மே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

லான்செஸ்டரின் டிஸ்க் 1902இல் தோற்றதற்கும் 1953இல் வென்றதற்கும் இடையே மாறியவை சாலையும் வேகமும் துணைக் கருவிகளுமே. டிஸ்க்கின் அடிப்படைக் கருத்து மாறவில்லை. எந்தப் பாரம், எந்தப் பாதை, எந்தக் காற்று என்று பார்த்தே பிரேக்கின் தரத்தை மதிப்பிட முடியும். கொற்கைக் கரையில் அந்தக் காற்று உப்புக் காற்று. புதிய பிரேக்கானாலும் பழைய பிரேக்கானாலும், இங்கே அதன் ஆயுளைத் தீர்மானிப்பது பராமரிப்பே.